வரிக்கு முன்னால் நிற்கும் வெற்றிடத்தைக் கண்ணில் காட்டுவது

பாம்பனில் என் தாய்மாமாவுக்கு ஒரு நாட்டுப்படகு இருக்கிறது. ஏலக் கணக்கை அவர் பள்ளிக்கூட நோட்டில்தான் எழுதுவார். அவருக்காகப் பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுத்தேன். எந்த மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று வரிசையாகக் கொடுத்தால் மொத்தத்தைக் கூட்டி, டீசலைக் கழித்து, மிச்சத்தைச் சொல்லும். முதல் நாள் ஆறு வகை மீன் வந்தது. நகரை 3,200, சூடை 1,500, காரல் 1,100, கணவாய் 4,800, நண்டு 2,900, முரல் 900. டீசல் 1,700 ரூபாய். நிரல் 4,200 என்று காட்டியது. மாமா விரலை மடக்கிக்கூடப் பார்க்கவில்லை. "12,700 வர வேண்டும். எட்டாயிரத்து ஐந்நூறு எங்கே போனது, தாயி?" என்றார்.

எட்டாயிரத்து ஐந்நூறை ஆயிரத்து எழுநூறால் வகுத்தால் மிகச் சரியாக ஐந்து. அதாவது ஒருமுறை கழிய வேண்டிய டீசல் ஆறு முறை கழிந்திருக்கிறது, மீன் வகைக்கு ஒருமுறை. காரணம் புரிந்துவிட்டது, ஆனால் நிரலைத் திறந்து எத்தனை முறை பார்த்தும் தவறான வரி கண்ணில் படவில்லை. நிரல் எழுதப் பயன்படும் எடிட்டரில் ஒரே ஒரு அமைப்பை மாற்றிய பிறகுதான் தெரிந்தது. தெரிந்தது இதுதான், ஒரு புள்ளி ஒரு வெற்றிடம்:

····ஒவ்வொரு மீனுக்கும்:
········மொத்தம் = மொத்தம் + எடை × விலை
········காசு பாக்கி என்றால்:
············பாக்கி = பாக்கி + எடை × விலை
········மொத்தம் = மொத்தம் − டீசல்

கடைசி வரியைப் பாருங்கள். மேலே பாக்கி வரி பன்னிரண்டு புள்ளி உள்ளே இருக்கிறது. அதிலிருந்து டீசல் வரி இடப்பக்கம் நகர்ந்து வந்திருப்பதால், வெளியே வந்துவிட்டது என்று கண் முடிவு கட்டிவிடுகிறது. வந்தது ஒரு படிதான். இன்னும் ஒரு படி வந்து நான்கு புள்ளியில் நின்றிருக்க வேண்டும். இங்கே ஐந்து வரியில் சுருக்கி எழுதியிருப்பதால் எளிதாகத் தெரிகிறது. என் நிரலில் இடையே குறிப்பு வரிகளும் வெற்று வரிகளுமாக முப்பது வரி ஓடியது. "ஒவ்வொரு மீனுக்கும்" என்ற தலை வரி திரைக்கு மேலே போய்விட்டது. எதனோடு ஒப்பிட்டு நேர் பார்ப்பது? பைத்தானோ பிழை என்று எதுவும் சொல்லவில்லை. எட்டு இடம் உள்ளே எழுதினால், மீனுக்கு மீன் திரும்ப ஓடும் வளையத்துக்குள் என்றுதானே அதற்குப் பொருள்? சொன்னபடி செய்தது.

அந்தப் புள்ளிகளை வரவழைப்பது எப்படி என்பதைத்தான் எழுதப் போகிறேன். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பயன்படுத்துவது விஎஸ் கோட் என்ற எடிட்டர். அதில் மேலே வியூ மெனு, அதற்குள் அப்பியரன்ஸ், அதற்குள் ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ். முதல் சொடுக்கில் ஒன்றும் மாறாதது போலத் தோன்றினால் மறுபடி ஒருமுறை சொடுக்குங்கள். வெற்றிடம் ஒவ்வொன்றும் வரியின் நடு உயரத்தில் ஒரு சிறு புள்ளியாகவும், டேப் விசை இடும் டேப் எழுத்து ஒவ்வொன்றும் வலப்பக்கம் பார்க்கும் அம்பாகவும் மாறும். கோலம் போடுகிறவர்களுக்கு அந்தத் திரை உடனே பழகிவிடும். இழை இழுக்கும் முன் வைத்த புள்ளி வரிசைதான் அது.

ஆனால் இந்த மெனு வழி எனக்குப் பிடிக்காது. சொற்களுக்கு நடுவே இருக்கும் ஒற்றை இடைவெளிக்கும் அது புள்ளி வைத்துவிடும். குறிப்பு வரிகளைத் தமிழில் எழுதுகிற எனக்கு, திரை முழுவதும் எறும்பு ஊர்கிறது போல ஆகிவிடுகிறது. நமக்கு வேண்டியது வரியின் தலைப்பக்கம் மட்டும்தான். அதற்கு அமைப்புகள் பக்கத்துக்குப் போக வேண்டும். கண்ட்ரோல் விசையோடு கமாவை அழுத்தினால் அது திறக்கும். தேடும் கட்டத்தில் ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஐந்து தேர்வுகள் வரும். நன் என்றால் எதுவும் காட்டாது. செலக்ஷன் என்றால் நாம் தேர்ந்தெடுத்த பகுதிக்குள் மட்டும் காட்டும். எடிட்டர் வரும்போதே இப்படித்தான் வருகிறது. டிரெயிலிங் வரியின் வால் பக்கத்தை மட்டும் காட்டும். ஆல் எல்லாவற்றையும் காட்டும். பவுண்டரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். சொற்களுக்கு இடையிலான ஒற்றை இடைவெளியை விட்டுவிட்டு, தலையிலும் வாலிலும் இருப்பதையெல்லாம் காட்டும். தலையை மட்டும் காட்டும் தனித் தேர்வு இந்த எடிட்டரில் இல்லை. வாலில் மிஞ்சிய வெற்றிடம் தெரிவதும் நல்லதுதான், அழித்துவிடலாம்.

பலருக்கு இந்த இடத்தில் வேலை முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. என் கடை சாலையைப் பார்த்தபடி திறந்திருக்கிறது. எதிரே கடல். காலை பத்து மணிக்கு மேல் வெளிச்சம் கண்ணைக் கூசும். அந்த வெளிச்சத்தில், மங்கலாகப் போட்ட புள்ளி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் நிறத்தை மாற்றினேன். அதே அமைப்புகள் பக்கத்தில் கலர் கஸ்டமைசேஷன்ஸ் என்று தேடினால், அமைப்புக் கோப்பைத் திறக்கும் ஓர் இணைப்பு வரும். அதைச் சொடுக்கினால் வொர்க்பெஞ்ச் கலர் கஸ்டமைசேஷன்ஸ் என்ற பெயரும் அதற்கு ஒரு சுருள் அடைப்பும் கோப்பில் தோன்றும். அடைப்புக்குள் ஒரு இரட்டை மேற்கோளைத் தட்டி எடிட்டர் ஒயிட்ஸ்பேஸ் என்று ஆங்கிலத்தில் தொடங்கினாலே, மீதிப் பெயரை எடிட்டரே எடுத்துக் கொடுக்கும். ஃபோர்கிரவுண்ட் என்று முடியும் பெயர் அது. அதற்கு நேராக, மேற்கோளுக்குள், #996600 என்று கொடுத்தேன். வெள்ளைத் திரையில் பனங்கருப்பட்டி நிறத்தில் புள்ளிகள் தெரிகின்றன. கறுப்புத் திரை வைத்திருப்பவர்கள் இதைவிட வெளிர் நிறமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகளோடு கூட, வரிகளின் உள்தள்ளலை மேலிருந்து கீழாக இணைக்கும் மெல்லிய செங்குத்துக் கோடுகளும் இந்த எடிட்டரில் உண்டு. அவை வரும்போதே இயங்கும். கோடு இருக்கும்போது புள்ளி எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. மாமாவின் டீசல் வரியைக் கண்டுபிடிக்கக் கோடே போதும், அதை ஊன்றிப் பார்த்திருந்தால். ஆனால் கோடு எத்தனை படி என்றுதான் சொல்லும். அந்தப் படி எதனால் கட்டப்பட்டது என்று சொல்லாது. அது தெரியாமல் போனதால் ஒரு முழு மாலையைத் தொலைத்த கதை இனி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. விசைப்படகில் வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் அந்த நாட்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல் என்னிடம் பைத்தான் படிக்க வருகிறார்கள். வீட்டில் போனிலோ, யாரிடமோ வாங்கிய பழைய மடிக்கணினியிலோ தட்டி, கோப்பை எனக்கு அனுப்புவார்கள். நான் என் கணினியில் இரண்டு வரி சேர்ப்பேன். ஓட்டினால் டேப் எரர் என்று வந்து விழும். திரையில் பார்த்தால் எல்லா வரியும் நூல் பிடித்தது போல நேராக நிற்கும்.

அவர்கள் டேப் விசையால் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். நான் வெற்றிட விசையால் தள்ளியிருக்கிறேன். அதுவும் கொள்கைக்காக அல்ல. உப்புக் காற்றில் என் விசைப்பலகையின் டேப் விசை இறுகிப் போய் இரண்டு ஆண்டு ஆகிறது. இங்கே கணினி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை.

டேப்பை நான்கு வெற்றிடத்துக்கு இன்னொரு பெயர் என்று நினைத்துக்கொள்கிறோம். அது இத்தனை இடம் என்ற அளவே இல்லாத ஓர் எழுத்து. அடுத்த நிறுத்தத்துக்குப் போ என்பதுதான் அது சொல்லும் உத்தரவு. பாம்பனில் பஸ் ஏறினாலும் சரி, வழியில் கையைக் காட்டி ஏறினாலும் சரி, தங்கச்சிமடம் என்று டிக்கெட் வாங்கினால் இறங்குவது தங்கச்சிமடம் நிறுத்தத்தில்தான். நிறுத்தம் நான்கில் இருக்கிறதா எட்டில் இருக்கிறதா என்பதை அந்தந்த எடிட்டர் முடிவு செய்கிறது. அதனால்தான் என் திரையில் நேராக நின்றது அவர்கள் திரையில் கோணிப் போகிறது. பைத்தானின் 2ஆம் பதிப்பு, நிறுத்தம் எட்டுக்கு ஒன்று என்று தானே வைத்துக்கொண்டு கலப்படத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. 3ஆம் பதிப்பு, டேப்பின் அளவைப் பொறுத்துப் பொருள் மாறுமானால் ஓட மறுத்துவிடுகிறது. மறுப்பதே மேல். என் மாமாவின் டீசல் போல ஓசையில்லாமல் தவறு செய்வதைவிட இது எவ்வளவோ நல்லது.

பவுண்டரி அமைப்பில் திறந்தால், புள்ளி வரிசைக்கு நடுவே அம்பு நிற்பது ஒரு பார்வையிலேயே தெரியும். திருத்துவதும் எளிது. விஎஸ் கோட் ஜன்னலின் அடியில் வலப்பக்கம் ஸ்பேசஸ்: 4 என்றோ டேப் சைஸ்: 4 என்றோ எழுதியிருக்கும். அதைச் சொடுக்கி, கன்வர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அம்புகள் மறைந்து எல்லாம் புள்ளியாகிவிடும். மாற்றும் முன் அந்த அளவு நான்குதானா என்று பாருங்கள். எட்டு என்று இருக்கும்போது மாற்றினால் ஒரு படி எட்டுப் புள்ளியாகிவிடும். பைத்தானுக்கு நான்கு வெற்றிடம் என்பது 2001ஆம் ஆண்டு எழுதப்பட்ட பெப் 8 நடைவழிகாட்டியின் பரிந்துரை. பெரும்பாலோர் அதையே பின்பற்றுகிறார்கள்.

இன்னொரு குழப்பம். டேப் அளவை அமைப்பில் நான்கு என்று வைத்த பிறகும், சில கோப்புகளைத் திறக்கும்போது வேறு அளவு காட்டும். டிடெக்ட் இன்டென்டேஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது கோப்பின் உள்ளே இருப்பதைப் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வந்து, நம் அமைப்பை ஓரம் தள்ளிவிடும். பிறர் கோப்பைத் திறக்கும்போது அது நல்ல பழக்கம். எனக்குத் தொந்தரவு தராததால் விட்டுவைத்திருக்கிறேன்.

மற்ற எடிட்டர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைசார்மில் அமைப்புகளுக்குள் எடிட்டர், ஜெனரல், அப்பியரன்ஸ் என்று போனால் ஷோ ஒயிட்ஸ்பேசஸ் இருக்கிறது. அதன் கீழே லீடிங், இன்னர், டிரெயிலிங் என்று தனித்தனிக் கட்டங்கள். லீடிங்கில் மட்டும் குறி வைத்தால் தலைப்பக்கம் மட்டும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் பைசார்ம்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நோட்பேட்++ வைத்திருப்பவர்கள் வியூ மெனுவில் ஷோ சிம்பல், அதற்குள் ஷோ ஸ்பேஸ் அண்ட் டேப் என்பதைச் சொடுக்குங்கள். பழைய பதிப்பில் பெயர் சற்று மாறியிருக்கும். இங்கே எல்லா வெற்றிடமும் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், தலையை மட்டும் பிரிக்க முடியாது. டேப்பை மாற்ற, எடிட் மெனுவில் பிளாங்க் ஆபரேஷன்ஸ். ஜீனியில் வியூ மெனுவிலேயே ஷோ ஒயிட் ஸ்பேஸ் இருக்கிறது.

விம் பயன்படுத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. கோலன் தட்டி செட் லிஸ்ட் என்று கொடுத்தால் வெற்றிடங்களைக் காட்டத் தொடங்கும். ஆனால் வேறு எதுவும் சொல்லாவிட்டால், பழைய வழக்கப்படி ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு டாலர் குறியைப் போட்டுவிட்டு, தலையில் நிற்கும் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடும். எதை எந்தக் குறியால் காட்டுவது என்பதை லிஸ்ட்கேர்ஸ் என்ற அமைப்பில் சொல்ல வேண்டும். அதில் நமக்கு வேண்டியவை டேப், லீட், டிரெயில், என்பிஎஸ்பி என்று நான்கு பெயர்கள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கோலன், அதன் பின் வேண்டிய குறி, நடுவே கமா. டேப்புக்கு மட்டும் குறைந்தது இரண்டு குறி வர வேண்டும். நான் >- என்று வைத்திருக்கிறேன். லீட் என்பதற்கு நடுப்புள்ளி. இந்த லீட் என்ற பெயர்தான் தலைப்பக்க வெற்றிடத்தைக் குறிக்கிறது. விம் 9இல் இது உண்டு. மிகப் பழைய விம் இதை அறியாது, பிழை சொல்லும். அப்போது பதிப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அமைப்பு வரிகளை விம்மின் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை.

எடிட்டரே இல்லாத இடத்தில், கட்டளைகளைத் தட்டும் லினக்ஸ் முனையத்தில், கேட் கட்டளையோடு ஒரு ஹைஃபனும் பெரிய ஏ எழுத்தும் சேர்த்துக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். டேப் இருக்கும் இடத்தில் கூரைக்குறியும் பெரிய ஐ எழுத்தும் வரும். வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அது போதும். பைத்தானோடு கூடவே வரும் டேப்நானி என்ற சிறு கருவியும், குழப்பமான உள்தள்ளல் எந்த வரியில் என்று சொல்லிவிடும்.

இவ்வளவு செய்தும் ஒருமுறை ஏமாந்தேன். தேவிப்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பையன், எங்கோ இணையப் பக்கத்திலிருந்து பத்து வரியைப் பிரதி எடுத்து ஒட்டியிருந்தான். அம்பு எதுவும் இல்லை, எல்லாம் நேராக இருக்கிறது, ஆனாலும் பைத்தான் ஏற்க மறுத்தது. அந்தப் பத்து வரியின் தலையில் இருந்தது நாம் தட்டும் வெற்றிடமே இல்லை. நம் வெற்றிட விசை தருவது 32ஆம் எண் எழுத்து. அங்கே இருந்தது 160ஆம் எண். வரி அங்கே முறியக் கூடாது என்பதற்காக இணையப் பக்கங்களில் போடும் வேறு வகை வெற்றிடம் அது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானின் புதிய பதிப்புகள் பிழைச் செய்தியிலேயே அந்த எழுத்தின் எண்ணைச் சொல்லிவிடுகின்றன, பதினாறடிமான எண்ணாக, 00 என்ற இரண்டு சுழியில் தொடங்கி. விஎஸ் கோட் இப்படிப்பட்ட எழுத்துகளைச் சுற்றி ஒரு சிறு பெட்டி போட்டுக் காட்டும். கண்ணில் பெட்டி பட்டால் தேடி மாற்றும் கட்டத்தில் அந்த ஓர் எழுத்தைப் பிரதி எடுத்து ஒட்டி, எல்லாவற்றையும் சாதாரண வெற்றிடமாக மாற்றிவிடுங்கள். விம்மில் நான் மேலே சொன்ன என்பிஎஸ்பி இதைப் பிடிப்பதற்காகத்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தமிழ் வரிகளைப் பிரதி எடுக்கும்போது, அகலமே இல்லாத எழுத்துகள் சில சொற்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவை மேற்கோளுக்குள் இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. வரியின் தலையிலோ, மேற்கோளுக்கு வெளியே நிரலுக்குள்ளோ வந்துவிட்டால்தான் தொல்லை. தமிழ் எழுத்துகள் எல்லாம் ஒரே அகலத்தில் வராததால், தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் வரும் எதையும் மேல் வரியோடு நேர் நிறுத்த முடியாது. பலர் வெற்றிடம் தட்டித் தட்டி முயன்று சலித்திருப்பார்கள். விட்டுவிடுங்கள். தலைப்பக்கத்துக்கு மட்டும் அந்தச் சிக்கல் இல்லை, அங்கே வெற்றிடத்துக்கு முன்னால் எந்த எழுத்தும் இல்லையே.

டேப்பே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிரல்களைக் கட்டித் தரும் மேக் என்ற கருவியின் கோப்புகளில், கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் அந்தக் கருவியை எழுதியபோது வைத்த விதி இன்றும் நீடிக்கிறது. ஒரு கோப்புறையில் இருப்பதையெல்லாம் ஒரேயடியாக வெற்றிடமாக மாற்றினால் மேக் கோப்பு அன்றே படுத்துவிடும். அமைப்புகளை எழுதி வைக்கும் யாமல் கோப்புகளில் நேர்மாறு, உள்தள்ளலில் டேப் வரவே கூடாது. அம்பு எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

பலர் ஒரே கோப்புகளில் கை வைக்கிறீர்கள் என்றால், எடிட்டர்கான்ஃபிக் என்ற சிறு கோப்பை மேல் கோப்புறையில் போட்டுவிடுங்கள். அதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். உள்ளே, எந்தக் கோப்புகளுக்கு என்று சொல்லும் ஒரு தலை வரி, அதன் கீழே உள்தள்ளல் வெற்றிடத்தில், அளவு நான்கு என்று இரண்டு வரி. விஎஸ் கோடுக்கு இதற்கென ஒரு நீட்சியை நிறுவ வேண்டும், பைசார்ம் தானாகவே படித்துக்கொள்ளும். என் மாணவர்களுக்கு நான் இப்போது வெறும் நிரலை அனுப்புவதில்லை. இந்தக் கோப்போடு சேர்த்து முழுக் கோப்புறையாக அனுப்புகிறேன்.

அதற்கு முன்பெல்லாம் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன், புள்ளிகளோடு. மண்டபத்திலிருந்து வரும் ஒரு தம்பி மறுநாள் கோப்பைக் கொண்டு வந்தான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், நான்குக்கு நான்கு, எட்டுக்கு எட்டு, பார்த்துப் பார்த்து முற்றுப்புள்ளி தட்டியிருந்தான். "அக்கா, எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, ஏன் ஓடவில்லை?" என்று கேட்டான். எடிட்டர் காட்டும் புள்ளி திரையில் வரைந்தது மட்டும்தான், கோப்பில் சேராது, பிரதி எடுத்தாலும் கூட வராது என்பதை நான் அவனுக்குச் சொல்லவே இல்லை. தவறு என்னுடையது. நாற்பது வரியிலும் அவன் வைத்த புள்ளிகளை இருவருமாக உட்கார்ந்து அழித்தோம்.